படத்தின் ஒளிக்கணக்கு

ஒரு நிழற்படம் இருண்டிருக்கிறதா, அளவுக்கு மீறி வெளுத்திருக்கிறதா என்பதைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம் என்று நாம் நினைக்கிறோம். அது அவ்வளவு எளிதன்று. தாப்பா பட்டணத்தில் நண்பகல் வெயிலில் நின்றுகொண்டு திறன்பேசியில் ஒரு படத்தைப் பாருங்கள். மங்கலாக, இருண்டு தெரியும். அதே படத்தை இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், கண் கூசும். படம் மாறவில்லை. சுற்றியுள்ள வெளிச்சம் மாறியது. அதற்கேற்ப நம் கண்ணும் தன்னை மாற்றிக்கொண்டது. போதாக்குறைக்குத் திறன்பேசியும் திரையின் வெளிச்சத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கிறது. ஆகவே, கண்ணை மட்டும் நம்பிப் படத்தைத் திருத்தினால் வெயிலில் திருத்தியது வீட்டுக்குள் வெளிறித் தெரியும். இரவில் திருத்தியது அச்சுக்குப் போனதும் இருண்டுவிடும்.

காய்ச்சல் அடிக்கிறதா என்பதை நெற்றியைத் தொட்டும் பார்க்கலாம். வெப்பமானி வைத்தும் பார்க்கலாம். நிழற்படத்துக்கு அப்படிப்பட்ட ஓர் அளவுகருவி உண்டு. அதன் பெயர் ஹிஸ்டோகிராம். கணிதப் பாடத்தில் இப்பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். தமிழில் இதனை நிகழ்வுச் செவ்வகம் என்பர். மாணவர்கள் பெற்ற மதிப்பெண்களை 0 முதல் 9 வரை, 10 முதல் 19 வரை என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் என்பதைக் கட்டங்களின் உயரமாகக் காட்டுவோம் அல்லவா? அதே முறைதான். இந்தப் பெயரை 1890-களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கார்ல் பியர்சன் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர். அவர் மனத்தில் நிழற்படம் இருந்திருக்க வாய்ப்பில்லை. எண்ணிப் பார்த்து வகைப்படுத்தக்கூடிய எதற்கும் இந்த முறை பொருந்தும் என்பதால், கணினிக்காலம் வந்ததும் படத்துக்கும் பொருந்திவிட்டது.

எண்ணப்படுவது எது? எண்முறைப் படம் என்பது பிக்சல் எனப்படும் நுண்ணிய புள்ளிகளின் தொகுப்பு. 4,000 புள்ளி அகலமும் 3,000 புள்ளி உயரமும் உள்ள ஒரு படத்தில் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் இருக்கும். அதனையே 12 மெகாபிக்சல் என்கிறோம். ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்ச அளவாக ஓர் எண் உண்டு. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ஜேபெக் படத்தில் அந்த எண் 0 முதல் 255 வரை இருக்கும். 0 என்பது முழுக் கருமை. 255 என்பது முழு வெண்மை. இடைப்பட்டவை எல்லாம் சாம்பலின் படிகள். எந்த எண்ணை எத்தனை புள்ளிகள் பெற்றுள்ளன என்பதை இடமிருந்து வலமாக அடுக்கிக் காட்டினால், மலைத்தொடரைப் போன்ற ஓர் உருவம் கிடைக்கும். இடக்கோடியில் இருள், வலக்கோடியில் வெளிச்சம். மலை உயர்ந்திருக்கும் இடத்தில் அந்த அளவு வெளிச்சமுள்ள புள்ளிகள் அதிகம். அவ்வளவுதான். படத்தில் யார் இருக்கிறார்கள், மரம் எங்கே, வீடு எங்கே என்பதெல்லாம் ஹிஸ்டோகிராமுக்குத் தெரியாது.

இந்த மலைத்தொடரில் முதலில் பார்க்கவேண்டியவை இரண்டு சுவர்கள்: 0 என்னும் இடச்சுவர், 255 என்னும் வலச்சுவர். மலை வலச்சுவரில் முட்டி நெட்டுக்குத்தாக ஏறி நின்றால், படத்தின் ஒரு பகுதி முழு வெண்மையாகிவிட்டது என்று பொருள். அங்கே சட்டையின் மடிப்போ மேகத்தின் உருவமோ பதிவாகவில்லை. எல்லாப் புள்ளிகளும் 255 என்ற ஒரே எண்ணைக் கொண்டிருக்கின்றன. பிறகு அப்பகுதியின் வெளிச்சத்தைக் குறைத்தால் வெள்ளை சாம்பலாக மாறுமே தவிர, காணாமற்போன மடிப்பு திரும்பி வராது. இடச்சுவரில் முட்டினால் கருமைக்கும் இதே கதிதான். அதனால்தான் படத்தைத் திருத்த உட்காரும்போது, முதலில் இழந்தது எது, இழக்காதது எது என்பதைச் சுவர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். சூரியன், குத்துவிளக்கின் சுடர், தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயில் ஆகியவை 255-ஐத் தொடுவது இயல்பே. அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

சுவரில் முட்டாமல், நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் ஒரு மலை இருந்தால் படம் சரியானது என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். அதனை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். பேராக் மாநிலத்தின் பத்தாங் பாடாங் மாவட்டத்தில் இருக்கும் தாப்பாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொண்டாலே இது விளங்கும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையின் ஓரத்தில் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி உள்ளது. கரிய பாறை, அடர்ந்த காடு, நடுவே வெள்ளை நுரை. இதன் படத்தில் இடப்பக்கம் ஒரு பெரிய மலையும் வலப்பக்கம் ஒரு சிறிய குன்றும் தெரியும், நடுவில் பள்ளம். அது பிழையன்று, அந்த இடத்தின் இயல்பு. அதே சாலையில் மேலே போனால் பனிமூட்டம். மூட்டத்துக்குள் தேயிலைத் தோட்டத்தைப் படம்பிடித்தால் வலப்பக்கத்தில் ஒரே ஒரு மலை குவிந்து நிற்கும். விடியுமுன்னர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தருகே குனிந்து நிற்கும் பால்வெட்டுத் தொழிலாளியின் படத்திலோ ஏறக்குறைய எல்லாமே இடச்சுவரை ஒட்டிக் கிடக்கும்; விளக்கொளி மட்டும் வலக்கோடியில் மெல்லிய கோடாகத் தெரியும். இந்தப் படத்தை நடுவுக்கு இழுத்து வந்து “சரிசெய்தால்” விடியற்காலை பிற்பகலாகிவிடும். நிகழ்வுக்கு எது உண்மையோ அதற்கேற்ற மலையே சரியான மலை.

இப்படி ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் இயல்பு இருக்கும்போது, படக்கருவி ஏன் அடிக்கடி தவறு செய்கிறது? படத்தில் எவ்வளவு ஒளி பதிய வேண்டும் என்பதைப் படம்பிடிப்பவர்கள் எக்ஸ்போஷர் என்பர். தானியங்கி முறையில் இதனை முடிவுசெய்யும் கருவிக்கு, தான் பார்ப்பது பனியா கரியா என்று தெரியாது. காட்சியில் உள்ள எல்லா வெளிச்சத்தையும் கலந்தால் நடுத்தரச் சாம்பல் கிடைக்கும் என்று அது கருதிக்கொள்கிறது. படக்கலைஞர்கள் நெடுங்காலமாக அளவுகோலாக வைத்திருக்கும் சாம்பல் அட்டை, தன்மேல் விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். கணினித் திரையின் வழக்கமான அளவுமுறையில் அது 118 என்ற எண்ணுக்கு அருகில் வரும். எனவே, கேமரன் மலையின் வெள்ளைப் பனியைக் கருவி சாம்பலாக்கிவிடுகிறது. கரிய பாறையையும் சாம்பலாக்கப் பார்க்கிறது. இன்றைய திறன்பேசிகள் முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவும், அடுத்தடுத்து எடுத்த பல படங்களை ஒன்றாக இணைக்கவும் கற்றுக்கொண்டுள்ளன. அப்படியிருந்தும் அவை ஏமாறும் இடங்கள் உண்டு.

அந்த இடங்களில் ஒன்று நம் வீட்டு விழாக்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் எடுத்த ஒரு குழுப்படத்தை எண்ணிப் பாருங்கள். தாத்தா வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்து வெயிலில் நிற்கிறார். பாட்டி பந்தலின் நிழலில் அமர்ந்திருக்கிறார். வெள்ளைத் துணியும் வானமும் படத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்வதால், கருவி ஒளியைக் குறைத்துவிடுகிறது. துணி தப்பித்தது; பாட்டியின் முகம் இருளில் போயிற்று. வேட்டி 240 என்ற எண்ணிலும் பாட்டியின் முகம் 40 என்ற எண்ணிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

பலரும் முதலில் செய்வது, திருத்தும் செயலியில் வெளிச்சத்தை மொத்தமாகக் கூட்டுவது. ஒளியை இரண்டு மடங்காக்கினால் என்ன ஆகும்? 40-இல் இருந்த முகம் ஏறக்குறைய 58-க்கு மட்டுமே ஏறும். வேட்டியோ 255 என்னும் சுவரைத் தாண்டிப் போய்விடும். கரையும் மடிப்பும் அழியும். முகத்துக்குக் கிடைத்தது கொஞ்சம், வேட்டிக்கு நேர்ந்த இழப்பு அதிகம். இந்த இடத்தில்தான் ஹிஸ்டோகிராம் கைகொடுக்கிறது. கிம்ப் என்னும் இலவச மென்பொருளில் ‘லெவல்ஸ்’ என்றொரு கட்டளை உண்டு. பெரும்பாலான படத்திருத்தச் செயலிகளிலும் இதனைப் போன்ற ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் மலைத்தொடரும் அதன் அடியில் மூன்று சிறு முக்கோணங்களும் தெரியும். இடமுக்கோணம் எது கருமை என்பதையும் வலமுக்கோணம் எது வெண்மை என்பதையும் முடிவுசெய்கின்றன. நடுமுக்கோணத்துக்கு வேறு வேலை: இரண்டு கோடிகளையும் அசைக்காமல் இடைப்பட்ட பகுதியை மட்டும் ஏற்றி இறக்குகிறது. அதன் மதிப்பை 1.0-இலிருந்து 1.5-க்கு மாற்றினால், 40-இல் இருந்த முகம் 74-க்கு ஏறிவிடும். 240-இல் இருந்த வேட்டி 245-க்கு மட்டுமே ஏறும். சுவர் தொடப்படவில்லை. முகம் வெளியே வந்துவிட்டது. இந்த எண்களைக் கணிப்பானில் நீங்களே சரிபார்க்கலாம்: எண்ணை 255-ஆல் வகுத்து, அதனை 1-இன் கீழ் 1.5 என்ற அடுக்குக்கு உயர்த்தி, மறுபடியும் 255-ஆல் பெருக்கவேண்டும்.

நிழலை மிகவும் உயர்த்தினால் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் முகத்தில் தோன்றும். இருளில் கருவிக்குக் கிடைத்த ஒளி குறைவு. அதனோடு கலந்திருந்த மின்னிரைச்சலையும் சேர்த்தே நாம் பெரிதாக்குகிறோம். அப்போது சற்றுப் பின்வாங்குவது நல்லது. இன்னும் நல்லது, படம்பிடிக்கும்போதே பாட்டியின் முகத்தைத் திரையில் தொட்டு ஒளியைச் சரிபார்ப்பது, அல்லது தாத்தாவையும் பந்தலுக்குள் வரச்சொல்வது. எந்த மென்பொருளும் இதற்கு ஈடாகாது.

நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் உண்மையில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்களைக் கொண்டது. மூன்றையும் கலந்து ஒரே வெளிச்சமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம், நம் கண்ணின் இயல்புக்கேற்பப் பச்சைக்கு அதிக மதிப்பும் சிவப்புக்கும் நீலத்துக்கும் குறைந்த மதிப்பும் தருகிறது. வழக்கமான ஒரு கணக்கில் சிவப்பின் பங்கு ஏறக்குறைய 30 விழுக்காடுதான். தூய சிவப்புப் பட்டுச்சேலை ஒன்றில் சிவப்பு எண் 255-ஐத் தொட்டு நிற்க, மற்ற இரண்டும் 0 என்றால், வெளிச்ச ஹிஸ்டோகிராமில் அது 76-இல்தான் தெரியும். சுவருக்கு வெகுதொலைவில் இருக்கிறது என்று நாம் நிம்மதியாக இருப்போம். ஆனால், சேலையின் நெசவும் மடிப்பும் சிவப்பில் கரைந்து ஒரே பூச்சாகியிருக்கும். செம்பருத்தியைப் படம்பிடித்தவர்களுக்கு இது தெரியும். எனவே, மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்ப்பது பாதுகாப்பு.

முகத்தின் நிறத்தைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். நிழற்படக்கலை எல்லாத் தோல் நிறங்களையும் தொடக்கத்திலிருந்து ஒன்றுபோல் நடத்தியதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் படத்தகடுகள் நீல ஒளியையே பெரிதும் உணர்ந்தன. சிவப்பையும் மஞ்சளையும் சரியாக உணரவில்லை. அதனால் நீல வானம் வெளுத்தது. பழுப்புத் தோல் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கறுத்தது. வண்ணப்படக் காலத்தில் வேறொரு சிக்கல். அமெரிக்காவின் கோடாக் நிறுவனம், படம் அச்சிடும் கூடங்கள் நிறத்தைச் சரிபார்ப்பதற்காக ஒரு மாதிரி அட்டையை அனுப்பிவந்தது. அதில் இருந்தவர் வெள்ளைத்தோல் கொண்ட ஒரு பெண். முதல் அட்டையில் இருந்த பெண்ணின் பெயரால் அதனை ‘ஷெர்லி அட்டை’ என்றே அழைத்தனர். ஷெர்லியின் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்பது கணக்கு. அவ்வாறு சரிசெய்த இயந்திரத்தில் கறுத்த முகங்கள் எப்படி வந்தன என்பதை யாரும் அளக்கவில்லை. பல இனப் பெண்கள் இடம்பெற்ற அட்டை 1990-களில்தான் வந்தது. திறன்பேசிகளின் காலத்திலும் இந்தப் பேச்சு ஓயவில்லை. கூகுள் நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் தன் பிக்சல் 6 திறன்பேசியை வெளியிட்டபோது, கருநிறத் தோலைச் சரியாகப் பதிவுசெய்வதைத் தனியொரு சிறப்பாகவே அறிவித்தது.

இதனால் நமக்கு என்ன? கருநிற முகம் ஒன்று ஹிஸ்டோகிராமில் நடுவுக்கு இடப்பக்கத்தில் இருப்பதே முறை. அதனை நடுவுக்கு இழுப்பது ஒளியைத் திருத்துவது ஆகாது. ஆளை மாற்றுவது ஆகும். அழகூட்டும் வடிப்பான்கள் பல, ஒரே தட்டில் தோலை வெளுப்பாக்கிச் சுருக்கங்களையும் துடைத்துவிடுகின்றன. பார்ப்பதற்கு அது ஒளித்திருத்தம்போலவே இருக்கும். வேறுபாட்டை எப்படி அறிவது? முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அதன் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். கன்னத்தின் மேட்டுக்கும் கண்குழிக்கும் இடையே போதிய அகலம் இருக்கிறதா? மலை சுவரில் முட்டாமல் பரவியிருக்கிறதா? அப்படியானால், அந்த முகம் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் சரியாகப் பதிந்திருக்கிறது. மாறாக, முகம் முழுவதும் ஒரு சில எண்களுக்குள் குறுகி நெருங்கிக் கிடந்தால், அது வெளுப்பாக இருந்தாலும் பயனில்லை. அங்கே விவரம் இல்லை.

ஹிஸ்டோகிராம் மிகுந்த பயன்தரும் மற்றொரு வேலை, பழைய படங்களை மீட்பது. தாப்பாவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பலர், தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபின் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். லயத்து வீடுகள் இல்லை. அவற்றின் முன்னே நின்று எடுத்த படங்கள் சில குடும்பங்களிடம் மட்டும் இருக்கின்றன. 1948-ஆம் ஆண்டில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, மக்களைப் பதிவுசெய்து நிழற்படத்தோடு கூடிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. தோட்டப்புற மக்கள் பலருக்கு வாழ்நாளின் முதற்படம் அந்த அட்டைக்காக எடுக்கப்பட்டதாகவே இருந்திருக்கும். இப்படங்கள் ஈரத்தாலும் வெயிலாலும் மங்கிவிட்டன. கறுப்பு, கறுப்பாக இல்லை, பழுப்பாகிவிட்டது. வெள்ளையும் மஞ்சளடைந்துவிட்டது.

இவ்வாறான படத்தை ஸ்கேன் செய்து பார்த்தால், மலை இரு சுவர்களையும் தொடாமல் நடுவில் ஒடுங்கி நிற்கும். மலை 60-இல் தொடங்கி 200-இல் முடிவதாகக் கொள்வோம். லெவல்ஸ் கட்டளையில் இடமுக்கோணத்தை 60-க்கும் வலமுக்கோணத்தை 200-க்கும் கொண்டுவந்தால், 60 என்பது 0 ஆகும். 200 என்பது 255 ஆகும். இடையில் உள்ளவை விரிந்துகொள்ளும். திரையிலிருந்து மூடுபனி விலகியதுபோல் இருக்கும். சட்டைப் பொத்தான், காதுத்தோடு, பின்னால் நிற்கும் மரத்தின் பால்கோப்பை ஆகியவை தெளியும். முக்கோணத்தை மலையின் அடிவாரத்தோடு நிறுத்துங்கள். மலைக்குள் தள்ளினால் அந்தப் பகுதி சுவரில் மோதி அழியும்.

திருத்தியபின் ஹிஸ்டோகிராமை மீண்டும் பார்த்தால், பல் விழுந்த சீப்பைப்போல் இடையிடையே வெற்றிடங்கள் தெரியும். இருந்தவை 141 படிகள். அவற்றை 256 இடங்களில் பரப்பினால் 115 இடங்கள் காலியாகத்தான் இருக்கும். வெற்றிடங்கள் மிகுந்தால் வானமும் கன்னமும் மென்மையாகச் சரியாமல் படிக்கட்டுபோல் தோன்றும். இதனைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. ஸ்கேன் செய்யும்போதே ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட் என்பதை விடுத்து 16 பிட்டைத் தேர்ந்தெடுத்தால், 256 படிகளுக்குப் பதிலாக 65,536 படிகள் கிடைக்கும். அதை விரித்தாலும் கண்ணுக்குத் தெரியும் வெற்றிடம் ஏற்படாது. ஜேபெக் 16 பிட்டை ஏற்காது என்பதால், டிஃப் வகைக் கோப்பாகச் சேமிக்கவேண்டும்.

இங்கேயும் இழந்தது இழந்ததுதான். பூஞ்சணம் தின்ற இடத்தில் என்ன இருந்தது என்பதை ஹிஸ்டோகிராம் சொல்லாது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் சில, அந்த இடத்தில் கண்ணையும் மூக்கையும் புதிதாக வரைந்து தருகின்றன. அது அழகாக இருக்கலாம். ஆனால், அந்தக் கண் உங்கள் கொள்ளுப்பாட்டியுடையது அன்று. திருத்தாத மூலக்கோப்பை ஓரிடத்தில் தனியாக வைத்துக்கொண்டு, நகலில் மட்டுமே வேலை செய்யுங்கள். படத்தின் பின்புறத்தையும் திருப்பிப் பார்த்து, அங்கே பென்சிலால் எழுதிய பெயரோ படக்கூடத்தின் முத்திரையோ இருந்தால் அதனையும் ஸ்கேன் செய்யுங்கள். மங்கிய பென்சில் எழுத்தும் லெவல்ஸ் கட்டளைக்கு நன்றாகவே தெளிந்து வரும்.